முதுமையும் நெடுந்தூர ஓட்டமும்

ஓடுவதும் தாவுவதும் இளமைக்கு இயல்பு. கன்று துள்ளுவதையும் சிறுவர் ஓடுவதையும் கண்டு எவரும் வியப்பதில்லை. ஆனால், தலை நரைத்த ஒருவர் அரைக்காற்சட்டை அணிந்து தெருவில் ஓடினால் ஊரே நின்று பார்க்கிறது. ‘இந்த வயதில் இவருக்கு ஏன் இந்த வேலை?’ என்று சிலர் நகைக்கின்றனர். ‘எங்கேனும் விழுந்து வைக்கப் போகிறார்’ என்று சிலர் இரங்குகின்றனர். இந்த நகைப்புக்கும் இரக்கத்துக்கும் அடியில் ஓர் எண்ணம் மறைந்து கிடக்கிறது. மனித உடல், அளந்து எண்ணெய் வார்த்த ஓர் அகல் விளக்கு. திரியைத் தூண்டி எரித்தால் எண்ணெய் விரைவில் தீர்ந்துவிடும். ஆகவே வயது ஏற ஏற உடலை உழைக்க விடாமல் பேண வேண்டும் என்பதே அந்த எண்ணம். அது எவ்வளவு தூரம் உண்மை என்பதை, முதுமையிலும் ஓடிய சிலரது வாழ்க்கையையும் அறிவியல் ஆராய்ச்சியின் முடிவுகளையும் கொண்டு பார்ப்போம்.

நெடுந்தூர ஓட்டங்களுள் புகழ் மிக்கது மாரத்தான். 1896-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் புத்துயிர் பெற்றபோது அது முதன்முதலாக நடத்தப்பட்டது. அப்போது அதன் தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 1908-இல் இலண்டனில் ஓடிய தூரமே 1921-இல் நிலையான அளவாக ஏற்கப்பட்டது. 42 கிலோமீட்டர், 195 மீட்டர் என்ற அந்த அளவே இன்றும் வழங்குகிறது. இன்னொரு வகை, செம்மையான சாலையை விட்டு விலகி, மலைச்சரிவிலும் காட்டின் ஒற்றையடிப் பாதையிலும் ஓடுவது. மேலைநாட்டினர் அதனை டிரெயில் ஓட்டம் என்பர். நாம் மலைப்பாதை ஓட்டம் என்று கூறலாம். இவ்விரண்டுக்கும் மின்னல் வேகம் தேவையில்லை. நெடுநேரம் தளராமல் செல்லும் ஆற்றலே தேவை. முதுமை முதலில் பறிப்பது வேகத்தை. நீடித்து உழைக்கும் ஆற்றலை அது மெல்லத்தான் குறைக்கிறது. ஆகவேதான் நூறு மீட்டர் ஓட்டத்தைக் காட்டிலும் இத்தகைய ஓட்டங்களில் முதியோர் பலரைக் காண்கிறோம்.

முதுமை உடலில் செய்யும் மாறுதல்கள் யாவை? முதலாவது இருதயத்தைப் பற்றியது. கடுமையாக உழைக்கும்போது இருதயம் ஒரு நிமிடத்தில் எத்தனை முறை துடிக்கக்கூடும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. 220 என்ற எண்ணிலிருந்து வயதைக் கழித்தால் அந்த எல்லை தோராயமாகக் கிடைக்கும் என்பது பரவலாக வழங்கும் கணக்கு. இருபது வயதினருக்கு 200; எழுபது வயதினருக்கு 150. ஆளுக்கு ஆள் இது பெரிதும் வேறுபடுமாயினும், வயதேற இந்த எல்லை தாழ்கிறது என்பதில் ஐயமில்லை. துடிப்புக் குறைந்தால் ஒரு நிமிடத்தில் தசைகளுக்குச் செல்லும் இரத்தமும் குறையும். இரத்தம் சுமந்து செல்லும் பிராணவாயுவும் குறையும். இரண்டாவது, தசைகள் மெலிகின்றன. விரைந்து சுருங்கும் தசை இழைகள் முதலில் நலிகின்றன. மெல்லச் சுருங்கி நெடுநேரம் உழைக்கும் இழைகள் நிலைத்து நிற்கின்றன. மூன்றாவது, தசையை எலும்போடு பிணைக்கும் நாண்கள் இளமையின் துவளும் தன்மையை இழக்கின்றன. நான்காவது, உழைப்பினால் ஏற்பட்ட தேய்வைச் சீர்செய்ய உடலுக்கு மிகுதியான நாட்கள் வேண்டியிருக்கின்றன. இருபது வயது இளைஞன் ஓர் இரவு உறக்கத்தில் பெறும் புத்துணர்ச்சியைப் பெற, அறுபது வயதினருக்கு இரண்டு மூன்று நாட்கள் தேவைப்படலாம்.

இவையெல்லாம் உண்மையே. ஆயினும் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஐம்பது வயதில் ஒருவர் மாடிப்படி ஏற மூச்சு வாங்குகிறார் என்றால், அந்தத் தளர்ச்சியில் வயதின் பங்கு எவ்வளவு? சோம்பலின் பங்கு எவ்வளவு? இரண்டும் ஒன்றாகவே வளர்வதால் அவற்றைப் பிரித்தறிவது எளிதன்று. பாலில் கலந்த நீரைப் போல அவை கலந்து கிடக்கின்றன.

அந்த இரண்டையும் பிரித்துக் காட்டிய ஆராய்ச்சி ஒன்று அமெரிக்காவில் டாலஸ் நகரில் 1966-இல் தொடங்கியது. மாணவர்களாகிய நீங்கள் இதனைக் கருத்துடன் கேட்க வேண்டும். ஏனெனில் அதற்கு உட்பட்டவர்கள் உங்கள் வயதினரே. இருபது வயதுடைய ஆரோக்கியமான ஐந்து இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடக்கச் செய்தனர். அதற்கு முன்னும் பின்னும், கடும் உழைப்பின்போது அவர்களது உடல் எவ்வளவு பிராணவாயுவைப் பயன்படுத்த முடிகிறது என்று அளந்து பார்த்தனர். மூன்றே வாரத்தில் அத்திறன் நான்கில் ஒரு பங்குக்கும் சற்று மேலாகக் குறைந்துவிட்டது. பின்னர் எட்டு வாரம் பயிற்சியளித்தபோது, இழந்ததைப் பெற்றதோடு முன்னிலும் உயர்ந்தனர்.

முப்பது ஆண்டுகள் சென்றன. 1996-இல் அதே ஐவரையும் மீண்டும் அழைத்துச் சோதித்தனர். இப்போது அவர்களுக்கு வயது ஐம்பது. சராசரி உடல் எடை 77 கிலோகிராமிலிருந்து 100 கிலோகிராமாகப் பெருகியிருந்தது. ஆயினும் அவர்களது பிராணவாயுத் திறன் இருபது வயதில் இருந்ததைவிட 100-க்கு 12 அளவே தாழ்ந்திருந்தது. முப்பது ஆண்டு முதுமை செய்த தீங்கைக் காட்டிலும் மூன்று வாரப் படுக்கை செய்த தீங்கு பெரிது! அதன்பின் அவர்களுக்கு ஆறு மாதம், நடை, மெதுவோட்டம், மிதிவண்டி ஆகியவற்றில் படிப்படியாகப் பயிற்சி அளிக்கப்பட்டது. முடிவில், இருபது வயதில் படுக்கைக்குச் செல்லுமுன் இருந்த திறனை அவர்கள் மீண்டும் எய்தினர். எனினும், இளமையில் பயிற்சி பெற்று எட்டிய உச்சத்தை ஐவருள் ஒருவராலும் எட்ட முடியவில்லை. இந்த ஆராய்ச்சியின் இரண்டு முடிவுகளையும் சேர்த்தே நாம் நினைவிற் கொள்ள வேண்டும். சோம்பலால் இழந்ததை மீட்கலாம். வயது கொண்டுபோனதை மீட்க முடியாது. நாம் முதுமை என்று பழி சுமத்துவதில் பெரும்பகுதி சோம்பலின் கணக்கில் எழுத வேண்டியது.

ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும், ஆயுள் குறைந்துவிடும் என்போருக்கும் விடை உண்டு. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து அறிஞர்கள் 1984-இல் ஓர் ஆய்வைத் தொடங்கினர். ஐம்பது வயதைக் கடந்த ஓட்டக்காரர் 538 பேரையும், ஓடாத வேறு பலரையும் ஆண்டுதோறும் வினவி வந்தனர். 19 ஆண்டுகள் கழிந்தபின் கணக்கெடுத்தபோது, ஓடாதவர்களுள் 100-க்கு 34 பேர் இறந்திருந்தனர். ஓடியவர்களுள் 100-க்கு 15 பேரே இறந்திருந்தனர். எழுந்து நிற்பது, நடப்பது, உடுத்துவது போன்ற அன்றாடச் செயல்களில் தளர்வு காணத் தொடங்கியதும் ஓடியவர்களிடம் பல ஆண்டுகள் தாமதமாகவே நிகழ்ந்தது. முழங்கால் தேய்வும் அவர்களிடம் மிகுதியாகக் காணப்படவில்லை. உடல்நலம் உள்ளவர்களே ஓட முன்வருவர்; ஆகவே இந்த வேறுபாடு முழுவதும் ஓட்டத்தின் பயன் என்று கூறிவிட முடியாது. ஓட்டம் முதியோரைச் சிதைத்துவிடும் என்ற அச்சத்திற்கு மட்டும் அந்த ஆய்வு இடந்தரவில்லை.

இருதயத்தைப் பற்றிய அச்சம் இதைவிடப் பழையது. கிளாரன்ஸ் டெமார் என்ற அமெரிக்கர் வாழ்க்கை அதற்குத் தக்க சான்று. அவர் அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளி. இளமையில் அவரது இருதயத்தைக் கேட்ட மருத்துவர் அதில் ஓர் ஓசை இருப்பதாகக் கூறி ஓட்டத்தைக் கைவிடுமாறு அறிவுறுத்தினார். ஆனால் டெமார் 1911-இல் பாஸ்டன் மாரத்தானில் வென்றார். இடையில் சில ஆண்டுகள் விலகி நின்று, மீண்டும் வந்து 1922, 1923, 1924, 1927, 1928, 1930 ஆகிய ஆண்டுகளில் வென்றார். ஏழாம் முறை வென்றபோது வயது 41. 1954-இல், 65-ஆம் வயதிலும் அதே பந்தயத்தில் ஓடினார். 1958-இல் அவர் இருதய நோயால் அன்றிப் புற்றுநோயால் மறைந்தார். அவரது இருதயத்தை ஆராய்ந்த மருத்துவர்கள், அதற்கு இரத்தம் ஊட்டும் குழாய்கள் சாதாரண மனிதருடையவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு அகன்றிருக்கக் கண்டனர். 1961-இல் அந்த முடிவு வெளியாயிற்று. குழாய்ச் சுவரில் வயதுக்குரிய படிவு சிறிது இருந்தது. ஆனால் குழாய் அகலமாக இருந்ததால் இரத்த ஓட்டத்திற்குத் தடையில்லை. ஒரு மனிதரின் இருதயத்தைக் கொண்டு உலகுக்கெல்லாம் விதி வகுத்தல் தகாது. எனினும், ஓடி ஓடி இருதயம் கிழிந்துபோகும் என்ற பழங்கருத்து அதன்பின் வலுவிழந்தது.

மாரத்தானில் முதுமையின் எல்லை எதுவென்று காட்டியவர் எட் விட்லாக். இலண்டனில் 1931-இல் பிறந்து கனடா நாட்டில் குடியேறிய சுரங்கப் பொறியாளர் அவர். இளமையில் ஓடியவர், நடுவில் பல ஆண்டுகள் விட்டிருந்து, நாற்பது வயதுக்குமேல் மீண்டும் தொடங்கினார். டொராண்டோவுக்கு அருகே மில்ட்டன் என்ற ஊரில், தம் வீட்டருகே இருந்த கல்லறைத் தோட்டத்தின் பாதைகளையே பயிற்சிக் களமாகக் கொண்டார். அங்கே போக்குவரத்து இல்லை. நடுவில் நிற்க வேண்டிய தேவையும் இல்லை. நாள்தோறும் இரண்டு மணி, மூன்று மணி நேரம், வேகத்தைப் பொருட்படுத்தாமல், சிறு சிறு அடிகளாக அதனைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

அவரது ஓட்டக் கணக்கை நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். 48-ஆம் வயதில் அவர் மாரத்தானை 2 மணி 31 நிமிடத்தில் முடித்தார். 2003-இல், 72-ஆம் வயதில், 3 மணிக்குச் சற்றுக் குறைவான நேரத்தில் ஓடினார். எழுபதைக் கடந்த எவரும் அதுவரை செய்யாத செயல் அது. மறு ஆண்டில், 73-ஆம் வயதில், 2 மணி 55 நிமிடம் ஆகுமுன்பே, அதாவது 2 மணி 54 நிமிடங்களுக்குச் சற்று மேல், முடித்துத் தம் சாதனையைத் தாமே முறியடித்தார். 2016-இல், 85-ஆம் வயதில், அவருக்கு 3 மணி 56 நிமிடம் ஆயிற்று. இதிலிருந்து புலப்படுவது யாது? 48-க்கும் 73-க்கும் இடையிலுள்ள 25 ஆண்டுகளில் அவர் இழந்தவை ஏறத்தாழ 23 நிமிடங்கள். அடுத்த 12 ஆண்டுகளில் இழந்தவையோ ஒரு மணிக்கும் மேல். நன்கு பயின்றவரிடத்தில் முதுமை முதலில் ஆமையாக நடக்கிறது. எழுபத்தைந்து வயதுக்குப்பின் விரைந்து பாய்கிறது. அந்தப் பாய்ச்சலை விட்லாக்காலும் நிறுத்த முடியவில்லை. 2017 மார்ச்சு மாதம், 86-ஆம் வயதில் அவர் காலமானார். முழங்கால் நோவினால் நடுவில் மாதக்கணக்காக ஓடாமல் இருந்த காலங்களும் அவருக்கு உண்டு. அப்போதெல்லாம் நோவு தீரும் வரை பொறுத்திருந்து, பின்னர் சில நிமிட ஓட்டத்திலிருந்து புதிதாகத் தொடங்கினார். அவருடைய வெற்றியில் பாதி அந்தப் பொறுமைக்கே உரியது.

நம் நாட்டில் பிறந்த ஃபௌஜா சிங் அவர்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். பஞ்சாபில் உழவுத் தொழில் செய்து, முதுமையில் இங்கிலாந்து சென்று, 2000-ஆம் ஆண்டில் இலண்டன் மாரத்தானில் ஓடினார். 1911-இல் பிறந்தவர் என்ற கணக்குப்படி அப்போது அவருக்கு வயது 89. மனைவியையும் மகனையும் இழந்த துயரத்திலிருந்து மீள ஓட்டம் அவருக்குத் துணையாயிற்று. 2011-இல், நூறு வயதினராக, டொராண்டோவில் மாரத்தானை முடித்தார். பிறப்புச் சான்று இன்மையால் உலகச் சாதனை நூல் அதனை ஏற்கவில்லை. 2025 சூலையில் பஞ்சாபில் சாலை விபத்தில் உயிர் நீத்தார்.

இனி, மலைப்பாதைக்குச் செல்வோம். கலிபோர்னியாவில் மில் வேலி என்ற ஊரிலிருந்து ஸ்டின்சன் கடற்கரை வரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாதை இருக்கிறது. அதில் 1905 முதல் டிப்சி என்ற பந்தயம் நடைபெற்று வருகிறது. புறப்பட்டவுடன் சற்றேறக்குறைய எழுநூறு படிகள் ஏற வேண்டும். பின்னர் உயர்ந்த மரங்கள் அடர்ந்த காட்டுக்குள் இறங்கி, மீண்டும் டமல்பயஸ் மலையின் தோளில் ஏறி, பசிபிக் கடலை நோக்கி இறங்க வேண்டும். இப்பந்தயத்தின் விதி வியப்புக்குரியது. வயதுக்கும் பாலுக்கும் ஏற்ப முந்திப் புறப்படும் உரிமை தரப்படுகிறது. மிகச் சிறியோரும் மிக முதியோரும் முதலில் செல்வர். வலிமை மிக்க இளைஞர் இறுதியில் புறப்பட்டு அவர்களைத் துரத்துவர். கடற்கரையை முதலில் அடைபவரே வெற்றியாளர். இந்த முறையினால் 1996-இல் ஜோ கிங் என்ற எழுபது வயது முதியவரும், 2010-இல் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியும் வென்றனர். ஜாக் கர்க் என்பவர் இப்பந்தயத்தில் தொடர்ந்து 67 முறை ஓடினார். அவற்றுள் முதலாவது 1930-இல். இறுதியில் ஓடியபோது தொண்ணூறைக் கடந்திருந்தார்.

முதியவருக்கு மலைப்பாதை நல்லதா? நன்மையும் உண்டு, இடரும் உண்டு. சாலையில் ஓடும்போது ஒவ்வோர் அடியும் முந்திய அடியைப் போன்றதே. ஒரே தசையும் ஒரே மூட்டும் ஆயிரமாயிரம் முறை ஒரே அடியைத் தாங்குகின்றன. காட்டுப் பாதையிலோ ஓரடி மண்மீது, ஓரடி வேர்மீது, ஓரடி கல்மீது. சுமை பல தசைகளுக்குப் பகிர்ந்து செல்கிறது. சமநிலை காக்கும் புலனும் நாள்தோறும் பயிற்சி பெறுகிறது. வேகம் தானே குறைகிறது; செங்குத்தான ஏற்றத்தில் வீரர்களும் நடந்தே செல்வதால், நடப்பது அங்கே இழுக்கன்று. இடர் பெரும்பாலும் இறக்கத்தில் இருக்கிறது. மலையிறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தடுத்து நிறுத்த வேண்டும். இவ்வகை உழைப்பே தசை இழைகளை மிகுதியாக நோகச் செய்வது; அந்நோவு மறுநாளும் அதற்கடுத்த நாளும் உச்சம் பெறும். கண்பார்வை மங்கியவர்க்கும் எலும்பு வலுவிழந்தவர்க்கும் ஒரு தடுக்கல் பெருந்தீங்காகலாம். ஆகவே முதியவர் இறக்கத்தில் சிற்றடி வைத்து, சில அடி முன்னே நோக்கி, தனியே செல்லாமல் துணையுடன் செல்லுதல் வேண்டும்.

பயிற்சியின் முறையையும் சுருக்கமாகக் கூறலாம். அதற்கு வழிகாட்டியவருள் முதன்மையானவர் நியூசிலாந்து நாட்டின் ஆர்தர் லிடியார்டு. அவர் தம் மாணவர்களை ஆக்லந்து நகருக்கு மேற்கேயுள்ள குன்றுகளில் 22 மைல் நெடுந்தூரம் ஓடச் செய்தார். 1960-இல் ரோம் நகர ஒலிம்பிக்கில் அவர் மாணவர் இருவர் தங்கப் பதக்கமும் ஒருவர் மாரத்தானில் வெண்கலப் பதக்கமும் பெற்றனர். அதே லிடியார்டு, நடுத்தர வயதினரும் முதியோரும் மெல்ல ஓடுவதற்கென்று ஆக்லந்தில் ஒரு சங்கம் அமையத் துணை நின்றார். 1962-ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே சென்ற அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பவர்மன், ஐம்பதைக் கடந்த தாம் எழுபதைக் கடந்த ஒருவரோடு ஈடுகொடுத்து ஓட இயலாதது கண்டு திகைத்தார். நாடு திரும்பி அவர் செய்த பிரசாரத்தினாலும், ஓர் இருதய மருத்துவருடன் சேர்ந்து 1967-இல் வெளியிட்ட நூலினாலும் மெதுவோட்டம் அமெரிக்காவில் பரவிற்று.

ஓடும்போது பக்கத்திலிருப்பவரோடு பேச இயல வேண்டும். பேச முடியாமல் மூச்சு முட்டினால் வேகம் மிகுதி என்பது பொருள். இதுவே முதல் விதி. வாரத்தில் ஒருநாள் நெடுந்தூரம் செல்லலாம்; அத்தூரத்தை வாரந்தோறும் சிறிது சிறிதாகவே கூட்ட வேண்டும். இதற்குக் காரணம் உண்டு. தசையிலும் கல்லீரலிலும் சேமித்துள்ள மாவுப்பொருள் மாரத்தானில் 30 கிலோமீட்டர் அளவில் தீரத் தொடங்கும். மெல்ல நெடுந்தூரம் ஓடிப் பழகிய உடல் கொழுப்பை மிகுதியாக எரித்து, மாவுப்பொருளைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றுக்கொள்கிறது. கடினமான ஒரு நாளுக்குப்பின் இளைஞன் ஒருநாள் ஓய்ந்தால், முதியவர் இரண்டு மூன்று நாட்கள் ஓய வேண்டும். தசை மெலிவைத் தடுக்க வாரம் இருமுறை எடை தூக்குதல், படி ஏறுதல் போன்ற வலிமைப் பயிற்சி வேண்டும். முதுமையில் தாகம் எளிதில் தோன்றாது. ஆகவே வெயிலில் நீரைப் பற்றிய நினைவு வேண்டும். அதற்காக அளவின்றி நீர் குடித்தலும் தீது. அதனால் இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து மயக்கமும் உயிர்க்கேடும் நேரக்கூடும்.

அனைத்திற்கும் முன்பாக மருத்துவரின் சோதனை இன்றியமையாதது. பல ஆண்டுகள் சும்மா இருந்தவர் ஒருநாள் எழுச்சி கொண்டு திடீரென ஓடுவது ஆபத்து. இருதயக் குழாயில் மறைந்துள்ள அடைப்பு, பழகாத கடும் உழைப்பின்போதே பெரும்பாலும் தன்னை வெளிப்படுத்தும். மார்பில் இறுக்கம், தோளிலோ தாடையிலோ பரவும் வலி, தலைச்சுற்றல், வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல் ஆகிய எது தோன்றினாலும் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். அங்கே வீரம் காட்டுவது அறிவுடைமை ஆகாது.

மாணவ நண்பர்களே, முதியோரைப் பற்றிய இப்பேச்சு உங்களுக்கு எதற்கு என்று எண்ணாதீர்கள். பள்ளியிலும் கல்லூரியிலும் விளையாட்டுத் திடல் இருக்கும்வரை நீங்கள் ஓடுவீர்கள். படிப்பு முடிந்து நாற்காலியில் அமர்ந்த அன்றே டாலஸ் நகரத்து இளைஞர்களின் கட்டில் உங்களுக்கும் விரிக்கப்படுகிறது. மூன்று வாரத்தில் அவர்கள் இழந்ததை நாம் பலர் மெல்ல மெல்ல இழந்து, அதற்கு முதுமை என்று பெயரிட்டு அமைதி அடைகிறோம். நீங்கள் மாரத்தான் ஓட வேண்டும் என்பதில்லை. நடக்கும் வழக்கத்தையும் ஓடும் வழக்கத்தையும் இருபத்தைந்து வயதில் கைவிடாமல் இருந்தால் போதும். உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் இருப்பார்கள். ‘இந்த வயதில் உங்களுக்கு எதற்கு?’ என்று அவர்களைத் திண்ணையில் அமர்த்திவிடாதீர்கள். மருத்துவர் சம்மதம் பெற்று, மாலையில் அவர்களோடு சேர்ந்து நடந்து வாருங்கள். முதல் வாரம் தெருமுனை வரை போதும். அடுத்த மாதம் எவ்வளவு தூரம் என்பதை அவர்கள் கால்களே சொல்லும்.